பழைய கால், புது வண்டி

வண்டி வாங்கி மூன்றாவது நாள். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற ரோடு, காலை ஆறரை மணி, முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது கியரில் 50-ஐத் தொட்டு டிராக்டரைத் தாண்டியாயிற்று. அடுத்த கியர் போடலாம் என்று இடதுகால் முன்பாதத்தை ஓர் அழுத்து அழுத்தினேன். அவ்வளவுதான். எஞ்சின் தொண்டை கிழியக் கத்த, பின்சக்கரத்தை யாரோ பிடித்து இழுத்த மாதிரி வண்டி தேங்க, நான் டேங்க்கின் மேல் கவிழ்ந்தேன். தாண்டி வந்த டிராக்டர்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்து, எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னை மறுபடியும் முந்திப் போனார்.

தப்பு வண்டியின் மேல் இல்லை, காலின் மேல். 2007-இல் வாங்கிய ஸ்ப்ளெண்டரை பதினாறு வருடம் ஓட்டிய கால் இது. ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் முன்பக்கம்தான். முன்பாதத்தால் அழுத்த அழுத்த ஏறும், குதிகாலால் அழுத்தினால் இறங்கும். இப்போது வாங்கியிருப்பது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. இதில் முதல் கியர் மட்டும் கீழே, மற்ற நாலும் மேலே. ஷூவைக் கொண்டு லிவரைத் தூக்க வேண்டும், அல்லது பின்னாலிருக்கும் லிவரைக் குதிகாலால் மிதிக்க வேண்டும். அதாவது என் கால் ‘ஏற்று’ என்று நினைத்துச் செய்வது இங்கே ‘இறக்கு’. இறக்கு என்று நினைத்துச் செய்வது ஏற்று. மூளைக்கு இது ஷோரூமிலேயே புரிந்துவிட்டது, ஐந்து நிமிட வேலை. காலுக்குப் புரிய எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் இந்தக் கதையே.

நாற்பத்தொன்றாவது வயதில் இந்த வண்டி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஸ்ப்ளெண்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, லிட்டருக்கு அறுபதுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். என்னிடம் இருந்த பதில் சொல்லும்படியானது இல்லை. பதில் மாமாவின் புல்லட்.

மாமாவுக்கு இரண்டு லாரி இருந்தது. எங்கள் ஊரில் லாரி வைத்திருப்பவர் புல்லட்டும் வைத்திருப்பார், அது ஓர் அடையாளம் மாதிரி. பழைய புல்லட், கியர் வலதுகாலில், பிரேக் இடதுகாலில். கியரும் தலைகீழ்: முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அதை ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. சாவியைப் போட்டதும் டேங்க்குக்கு முன்னால் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்ப்பார். கிக்கரை மெதுவாக அமுக்க அமுக்க அதன் முள் அசையும். முள் நடுவில் வந்து நின்றதும், இடது கைப்பிடியில் இருக்கும் சின்ன டீகம்ப்ரஷர் லிவரை, அதாவது எஞ்சினுக்குள் அடைபட்ட காற்றை வெளியே விடுகிற லிவரை, பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு சுண்டு கீழே இறக்குவார். பிறகு லிவரை விட்டு, காலை மேலே கொண்டுவந்து, உடம்பு முழுதும் இறங்குகிற மாதிரி ஒரே மிதி. முள் நடுவுக்கு வராமல் அவசரப்பட்டு மிதித்தவன் காலைப் புல்லட் திருப்பி அடிக்கும். சித்தப்பா ஒருவர் ஒரு வாரம் நொண்டினார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ‘மாப்ளே, அது மாடு மாதிரிடா, மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கிட்டப் போவோணும்’ என்பார் மாமா. ஓட்டக் கொடுத்ததே இல்லை. லாரி நொடித்து, புல்லட்டும் கைமாறிப் போனபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

அந்த வண்டியின் ஊரும் நம் ஊர்தான் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. புல்லட்டைச் செய்த ராயல் என்ஃபீல்டு, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனி. 1950களில் நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வண்டி தேவைப்பட, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கேயே கம்பெனி தொடங்கி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன, அப்புறம் எல்லாமே இங்கே செய்ய ஆரம்பித்தார்கள். தாய்க் கம்பெனி அங்கே மூடியே போனது. பிள்ளை இங்கே ஓரகடம், வல்லம் வடகால் என்று பரவி, இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதி செய்கிறது. மாமாவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் அரை அங்குலம் மீசை வளர்த்திருப்பார்.

2023 தை மாதம் வண்டி கைக்கு வந்தது. நேராக ஆஞ்சநேயர் கோயில். நாமக்கல்லில் எந்த வண்டி வாங்கினாலும், அது பதினாறு சக்கர ட்ரெய்லராக இருந்தாலும், கூரையில்லாமல் வெயில் மழையில் நிற்கும் அந்தப் பதினெட்டடி ஆஞ்சநேயரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஏற்றி நசுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். கிளட்சை விட்டேன், பழம் நசுங்கியது, வண்டியும் ஆஃப் ஆனது. பின்னால் புது டாடா ஏஸோடு நின்றவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ப்ளெண்டர் 110 கிலோ சொச்சம். இது 195 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது, சொல்லப்போனால் ஓடும்போது அந்தக் கனம்தான் சுகம். லாரி பக்கத்தில் கடந்து போகிற காற்றுக்கு ஸ்ப்ளெண்டர் ஓரடி நகரும், இது கண்டுகொள்வதே இல்லை. நிற்கும்போதுதான் தெரியும். வீட்டு வாசலில் தள்ளிப் பின்னால் எடுக்கும்போது, சாய்வான இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப வந்து பார்க்கும்போது, பெட்ரோல் பங்க்கில் வரிசை ஓரடி ஓரடியாக நகரும்போது. நிற்கிற வண்டி நேராக இருக்கும்வரை அதன் எடையை டயர் சுமக்கிறது. ஒரு கோணம் தாண்டிச் சாய்ந்தால் உங்கள் தொடை சுமக்கிறது. அந்தக் கோணம் எது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது, கீழே போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் போட்டேன். ஆறாம் நாள், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி ஒரு டீக்கடை. ரோட்டோரம் கொஞ்சம் பள்ளம், பொடி ஜல்லி. நிறுத்த இடதுகாலை ஊன்றினேன், கால் நினைத்ததைவிட நாலு விரற்கடை கீழே போய்த்தான் தரையைத் தொட்டது, அதற்குள் வண்டி அந்தக் கோணத்தைத் தாண்டிவிட்டது. வேகமாக விழவில்லை. ரொம்ப மெதுவாக, ஒரு வயதான மாடு படுக்கிற மாதிரி, நான் பிடித்துக்கொண்டே இருக்கப் படுத்தது. க்ராஷ் கார்டு புண்ணியத்தில் டேங்க் தப்பியது, கிளட்ச் லிவர் நுனி மட்டும் லேசாக வளைந்தது. கடையிலிருந்த நாலு பேரும் டீ கிளாசோடு எழுந்து நின்றார்கள். கடைக்கார அம்மா மட்டும் அடுப்பைவிட்டு நகராமல் கேட்டார்: ‘ஏனுங் தம்பி, புதுசுங்களா?’ வண்டியைக் கேட்டாரா என்னைக் கேட்டாரா என்று இன்று வரை தெரியவில்லை.

தூக்கவும் ஒரு முறை இருக்கிறது, அதை அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு போர்வெல் லாரி டிரைவர். நான் ஹேண்டில்பாரைப் பிடித்து நேருக்கு நேராக இழுத்துக்கொண்டிருந்தேன், இடுப்பில் சுளுக்கு விழ வேண்டியதுதான் பாக்கி. ‘சாவிய ஆஃப் பண்ணுங்க முதல்ல. கியர்ல போடுங்க, உருண்டு போயிரும். இப்ப வண்டிக்கு முதுகக் காட்டி உக்காருங்க’ என்றார். ஹேண்டில்பாரை விழுந்த பக்கமே முழுக்கத் திருப்பிவைத்து, சீட்டின் விளிம்பில் பிட்டத்தை முட்டுக்கொடுத்து, ஒரு கையில் கைப்பிடி, இன்னொரு கையில் சீட்டுக்கடியில் கம்பி, முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, காலை மட்டும் உந்தி உந்திப் பின்னால் நடந்தால் 195 கிலோ எழுந்து வருகிறது. நிமிர்ந்ததும் அந்தப்பக்கம் போய் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றது அந்த அம்மா. அவமானத்தில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

கால் மட்டுமில்லை, இடதுகைக்கும் ஒரு பழைய பழக்கம் இருந்தது. ஸ்ப்ளெண்டரில் வண்டி விக்கினால் கை தானாகக் குனிந்து டேங்க்குக்குக் கீழே பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பும். இது பெட்ரோலைப் பம்ப் வைத்துப் பீய்ச்சுகிற எஞ்சின், டேப்பே கிடையாது. ஆனால் முதல் ஒரு மாதம், கொஞ்சம் சத்தம் மாறினாலும் கை கீழே போய்த் துழாவிவிட்டு வெறுங்கையோடு மேலே வரும். மாடியில் இல்லாத கடைசிப் படியில் கால் வைத்துத் தடுமாறுகிற மாதிரி.

காது பழகிய கதை வேறு. ‘சத்தமே காணமுங்க’ என்பதுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன முதல் வார்த்தை. பழைய புல்லட் வருவதை ரெண்டு தெரு தள்ளியே சொல்லிவிடலாம், இது அப்படி இல்லை. காரணம் எளிது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் ஒரு பெரிய பிஸ்டன் மட்டும் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருக்கும், அதன் அடி முழுதும் வண்டியின் எலும்பில் இறங்கும். பழைய 346 சிசி எஞ்சினில் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கியது. இந்தப் புது 349 சிசி எஞ்சினில் 85.8. கூடவே, பிஸ்டன் மேலே போகும்போது எதிர்ப்பக்கம் சுழன்று அந்த அதிர்வைத் தின்றுவிடுகிற ஒரு பேலன்சர் தண்டை உள்ளே வைத்துவிட்டார்கள். அதனால் 80-இல் போனாலும் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியின் நம்பர் தெரிகிறது. மாமாவின் புல்லட்டில் கண்ணாடியில் பார்த்தால் லாரி இரண்டாகத் தெரியும்.

எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஏமாந்துவிட்டோமோ, இதுவும் இன்னொரு மோட்டார் சைக்கிள்தானோ என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் ஒருநாள் அதிகாலை, வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்துவிட்டு ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். தெருவில் வேறு சத்தமில்லை. ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுற்றினால், நாலு ஸ்ட்ரோக் என்பதால், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, நிமிடத்துக்கு ஐந்நூறு வெடி. அந்த வெடிகளை ஒன்றொன்றாகக் கேட்க முடிந்தது. டப், டப் என்று சுவரில் பட்டுத் திரும்பியது. சத்தம் போகவில்லை, தாழ்ந்திருக்கிறது. பக்கத்தில் வந்து கேட்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து ‘இந்நேரத்துக்கு எங்க சாமி?’ என்றது. எங்கேயுமில்லை பாட்டி, சும்மா.

முதல் 500 கிலோமீட்டர் முறுக்கக்கூடாது என்பார்கள். முறுக்கக்கூடாது என்பது சரி, ஆனால் ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டே போவதும் கூடாது. புது எஞ்சினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் இன்னும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் சரியாகத் தேய்ந்து உட்காரும். பாவம் பார்க்கிறேன் பேர்வழி என்று 30-இல் ஐந்தாவது கியரைப் போட்டு எஞ்சினைத் திணறவைப்பது முறுக்குவதைவிட மோசம். இது பைபாஸ் ரோட்டுக்கு ஆகாத வேலை, கிளைச் சாலைக்கு ஏற்ற வேலை. அதனால் மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரை, பரமத்தி, எருமப்பட்டி என்று பெயர்ப்பலகையில் மட்டுமே பார்த்திருந்த ரோடெல்லாம் அந்த ஒரு மாதத்தில் போய்ப் பார்த்தேன். முதல் சர்வீஸில் பக்கத்தில் நின்றுகொண்டேன். வடித்த ஆயிலை வெயிலில் சாய்த்துக் காட்டினார் மெக்கானிக். கறுப்பில் மிக மெல்லிய வெள்ளி ஜிகினா மாதிரி மின்னியது. ‘பயப்படாதீங்கண்ணா, இது தேஞ்சு உக்காந்த பொடி. அடுத்த தடவை இருக்காது’ என்றார். அடுத்த தடவை இல்லைதான்.

நடுவில் ஒருமுறை வண்டி இடப்பக்கமே இழுத்தது. இரண்டு நாள் தூக்கமில்லை. புது வண்டிக்காரனுக்கு வருகிற வியாதி இது, எந்தச் சின்னச் சத்தமும் பெரிய நோயாகத் தெரியும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் கோணலோ, டீக்கடையில் விழுந்தபோது ஏதாவது ஆகிவிட்டதோ என்று மனது எங்கெங்கோ போனது. கடைசியில் பார்த்தால் ஒரு பஞ்சர் கடையில் முன்சக்கரத்துக்குக் காற்று அடித்தபோது பாதியில் விட்டிருக்கிறார்கள். அன்றோடு நானே ஒரு காற்றுமானி வாங்கி டூல் பெட்டியில் போட்டுவிட்டேன். ஸ்போக் சக்கரம் என்பதால் உள்ளே டியூப் வேறு. ஆணி குத்தினால் ட்யூப்லெஸ் மாதிரி வெளியிலிருந்தே அடைத்துவிட்டுக் கிளம்ப முடியாது, சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். அழகுக்குக் கொடுக்கிற விலை.

ஊருக்கு வெளியே லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பின்னால் காலி மைதானம் ஒன்று இருக்கிறது. சேஸிஸ்கள் வெறும் எலும்போடு வரிசையாக நிற்கும், ஞாயிற்றுக்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள். மூன்று ஞாயிறு அங்கே போனேன். சிரிக்கலாம், லைசென்ஸ் வாங்கி இருபது வருடம் ஆனவன் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மூன்று ஞாயிற்றில் கற்றதை அந்த இருபது வருடத்தில் கற்கவில்லை. முதலில் பிரேக். நமக்கெல்லாம் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது, முன்பிரேக் பிடித்தால் குட்டிக்கரணம் அடிப்பாய் என்று. வண்டி நிற்க முனையும்போது எடை முழுதும் முன்சக்கரத்துக்கு ஓடுகிறது, அதனால் உண்மையில் நிறுத்துவது முன்பிரேக்தான், பின்பிரேக் துணை. 40-இல் வந்து, படக்கென்று பறிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி நிதானமாக இறுக்கிக்கொண்டே போனால் வண்டி மூக்கைத் தரையில் அழுத்தி நின்றது. வேண்டுமென்றே மணலில் அழுத்திப் பார்த்தேன். லிவர் விரலுக்கடியில் தடதடவென்று துடித்தது, சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற இந்த ஏபிஎஸ் எப்படி இருக்கும் என்று அவசரத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொள்வேன் என்று இருக்காதீர்கள். அந்தத் துடிப்புக்குப் பயந்து பிரேக்கை விட்டுவிடுவோம்.

அப்புறம் திரும்புவது. சைக்கிள் காலத்திலிருந்து எல்லோரும் செய்கிற, யாரும் கவனிக்காத ஒன்று இது. 30-க்கு மேல் ஓடுகிற வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால் இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். ஆமாம், சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போகிறது. அதனால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் இடப்பக்கம் திரும்புகிறது. சின்ன வண்டியில் உடம்பைச் சாய்த்தே சமாளித்துவிடலாம், அதனால் இது தெரியாமலேயே காலம் ஓடிவிடும். 195 கிலோ உங்கள் உடம்பு சாய்வதை மதிக்காது. கைப்பிடியைத் தள்ளினால் உடனே கேட்கும். இதைத் தெரிந்துகொண்ட அன்று, ஆளில்லாத அந்த மைதானத்தில், இடது, வலது, இடது என்று உள்ளங்கையால் தள்ளித் தள்ளிப் போனேன். அத்தனை பெரிய உருவம் அத்தனை லேசாகச் சாய்ந்து எழுந்தது. மாமா சொன்ன மாட்டின் முகத்தை அன்றுதான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் ஆனபிறகு கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை, எங்களுக்குக் கொல்லைப்புறம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20, வால்பாறைக்கு 40, கல்லட்டியில் 36. எங்கள் ஊர்க்காரன் மற்ற மலைக்காரர்களிடம் இந்தக் கணக்கை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டான். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். அது உதவியா உபத்திரவமா என்று தெரியவில்லை, ‘23’ என்று பார்க்கும்போது இன்னும் 47 இருக்கிறதே என்றுதான் தோன்றும்.

2009-இல், கல்யாணமான புதிதில், மனைவியைப் பின்னால் வைத்து ஸ்ப்ளெண்டரில் ஏறியிருக்கிறேன். வளைவுக்கு வளைவு ஃபர்ஸ்ட் கியர், நேர்ப்பாதையில் செகண்ட், மறுபடியும் ஃபர்ஸ்ட். 97 சிசியை வைத்துக்கொண்டு அது எங்கள் இருவரையும் ஏற்றியதே பெரிது. அதனால் புது வண்டியிலும் முதல் பத்து வளைவு அதே கணக்கில் ஏறினேன். வளைவு வந்ததா, ஃபர்ஸ்ட். வண்டி தேவையில்லாமல் உறுமியது, நான் தேவையில்லாமல் வேர்த்தேன். பன்னிரண்டோ பதிமூன்றோ, ஓர் இடப்பக்க வளைவு. நாம் இடப்பக்கம் போகிறவர்கள், அதனால் இடப்பக்க வளைவு என்றால் உள்வட்டம், ரொம்பக் குறுகல், ரொம்பச் செங்குத்து. மேலேயிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முழு ரோட்டையும் எடுத்து இறங்கியது. அதற்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கி உருண்டதில் கியரை மாற்ற மறந்துவிட்டேன். பஸ் போனதும் பார்த்தால் வண்டி செகண்டில் இருக்கிறது, வேகம் சைக்கிள் வேகம், முன்னால் சுவர் மாதிரி ஏற்றம். ஆஃப் ஆகிவிடும், பின்னால் சரியும், விழுவோம் என்று மனதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்தேன்.

ஏறியது. அலட்டிக்கொள்ளவே இல்லை. டப் டப் டப் என்று, ஒவ்வொரு வெடிக்கும் ஓரடி மேலே போட்டுக்கொண்டு, மூட்டை தூக்குகிறவர் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறியது.

இழுவை என்கிற வார்த்தையை லாரிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குதிரைத்திறன் வேறு, இழுவை வேறு. இந்த வண்டியின் 20 குதிரைத்திறன் ஒன்றும் பெரிதில்லை, பள்ளிப் பையன்கள் ஆசைப்படுகிற வண்டிகள் இதை ரோட்டில் சர்வசாதாரணமாகத் தாண்டிப் போகும். ஆனால் இதன் 27 நியூட்டன் மீட்டர் இழுவை 4000 சுற்றிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது, அதற்குக் கீழேயும் பெரிதாகக் குறைவதில்லை. முறுக்கிப் பிழிய வேண்டியதே இல்லை, நடக்கவிட்டால் போதும். அந்த வளைவுக்குப் பிறகு ஃபர்ஸ்ட் கியரைத் தொடவில்லை. கண் சக்கரத்துக்கு முன்னால் இருந்த குழியைவிட்டு, வளைவு முடிகிற இடத்துக்குப் போனது. தலை எங்கே திரும்புகிறதோ அங்கே வண்டி போகும் என்பது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் பயம் இருக்கும்வரை தலை திரும்பாது. முப்பது, முப்பத்தைந்து வளைவுக்கு மேல் நான் எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். நாற்பதைத் தாண்டியதும் காற்று மாறியது, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறி நின்றது, ஹெல்மெட் கண்ணாடியில் பனி படிந்தது.

செம்மேட்டில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சூடான இரும்பு அந்தக் குளிரில் சுருங்கும்போது ஒரு சத்தம் வரும், டிக், டிக், டிக் என்று, முதலில் வேகமாக, அப்புறம் விட்டு விட்டு. பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் நான் எஞ்சினுக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ‘ரிப்பேருங்களா?’ என்றார். இல்லைங்க என்றேன். நம்பவில்லை. நாலு சுளை வாங்கித் தின்ற பிறகுதான் நம்பினார்.

இறங்குவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏறின கியரிலேயே இறங்கு என்பது லாரிக்காரர்களின் வேதம். செகண்டில் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்கிறது, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினால் போதும். இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்பதைத்தான் ஊரில் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.

மனைவி ஒருமுறை பின்னால் உட்கார்ந்து மோகனூர் வரை வந்தாள். சீட் கல்லு மாதிரி இருக்கிறது, சேலையோடு ஏறுவதற்குள் உயிர் போகிறது, சைலன்சர் காலைச் சுடுகிறது என்று மூன்று குறை. திரும்பி வரும்போது நாலாவதாக ஒன்று சொன்னாள்: ‘ஏனுங்க, இதுல நீங்க அவசரப்பட மாட்டேங்கறீங்க.’ அது குறையா இல்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் இருக்கும், கால் முழுதாகப் பழகிவிட்டது. எப்போது பழகியது என்று சொல்ல முடியாது. ஒருநாள் யோசித்துப் பார்த்தபோதுதான், தப்பாகப் போட்டுப் பல நாளாயிற்று என்று தெரிந்தது. ஸ்ப்ளெண்டரை விற்கவில்லை, அப்பா தோட்டத்துக்குப் போக வைத்துக்கொண்டார். போன சித்திரையில் அவருக்கு முழங்கால் வலி, என்னைக் கொண்டுபோய் விடச் சொன்னார். அவரைப் பின்னால் ஏற்றி, தோட்டத்து மண் ரோடு தாண்டி, தார் ரோட்டுக்கு ஏறி, மூன்றாவது கியரில் நல்ல வேகம் எடுத்தேன். அடுத்த கியருக்கு, கொஞ்சமும் யோசிக்காமல், குதிகாலை மிதித்தேன்.

எஞ்சின் அலறியது. அப்பாவின் நெற்றி என் முதுகில் வந்து முட்டியது. கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை.

‘ஏண்டா,’ என்றார் அப்புறம், ‘பதினாறு வருசம் இதத்தானடா ஓட்டுன?’